சந்தனப் பொட்டு வைத்த லைட்டர்

பிரிக்பீல்ட்ஸில் விஜயனிடம் லைட்டர் வாங்கப் போனால், அவர் முதலில் உங்கள் கட்டைவிரலைத்தான் பார்ப்பார். என்ன நிறம் வேண்டும், என்ன விலைக்கு வேண்டும் என்பதெல்லாம் அப்புறம். சர்க்கரை வியாதியில் விரல் நுனி மரத்துப்போனவருக்குச் சின்னச் சக்கரம் வைத்ததைக் கொடுக்கவே மாட்டார். பக்கவாட்டில் தடித்த உருளை வைத்து, முழு விரலால் உருட்டுகிற மாதிரி இருப்பதைத்தான் எடுத்து வைப்பார். கிள்ளான் துறைமுகத்தில் சாமான் இறக்குகிறவர்கள் வந்தால் கடல் காற்றுக்கு அணையாமல் சீறி எரிகிற லைட்டர். லோரி ஓட்டுகிறவர்களுக்கு, உள்ளே எவ்வளவு கேஸ் மிச்சம் என்று வெளியிலேயே தெரிகிற பிளாஸ்டிக் லைட்டர் இரண்டு. ஒன்று தொலைக்க, ஒன்று பற்றவைக்க என்பார்.

கடை என்று சொன்னாலும் அது கடை இல்லை. மோனோரயில் போகிற பக்கம், ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் வேப் விற்கிற கடைக்கும் நடுவில், நடைபாதையை ஒட்டி ஒரு கண்ணாடிப் பெட்டி. ஒரு பக்கம் சாவி வெட்டுகிற மெஷின், ஒரு பக்கம் கடிகார பேட்டரி, நடுவில் லைட்டர். சாவியும் பேட்டரியும் சோறு போட்டன. லைட்டர்மேல்தான் மனுஷனுக்கு ஆசை. இத்தனைக்கும் அவர் ஆயுசில் ஒரு சிகரெட்டை வாயில் வைத்தவர் இல்லை. மஸ்ஜித் இந்தியாவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜபருல்லா, தன் லைட்டருக்குப் பொறிக் கல் மாற்ற வரும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சீண்டுவார். அண்ணே, வழுக்கைத் தலைக்காரர் சீப்பு விற்கிற மாதிரி இருக்கிறது என்பார். விஜயன் சிரித்துக்கொண்டே, பாய், உங்கள் லைட்டருக்குள் சட்டைப்பைப் பஞ்சு அரை வீசை இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள் என்பார்.

இந்த விஜயனுக்கு ஓர் அக்கா. பெயர் அமுதவள்ளி. இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் அக்காவுக்கும் தம்பிக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர். அம்மா துணி துவைக்க நாலு வீடு போனவள். ஆகவே விஜயனைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது, காதில் சீழ் வந்தபோது பெரியாஸ்பத்திரிக்கு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனது எல்லாம் அந்தப் பெண்தான். அவளைக் கிள்ளானுக்குக் கட்டிக்கொடுத்தபோது விஜயனுக்குப் பதினொரு வயது. பெண்ணை அழைத்துப் போகிற கார் பின்னாலேயே ரயில் கேட் வரைக்கும் ஓடினான் என்று சொந்தத்தில் இன்றைக்கும் சொல்லுவார்கள்.

மாப்பிள்ளை ராதாகிருஷ்ணன். கிள்ளானில் பழைய இரும்புச் சாமான் வியாபாரம். கனத்த உடம்பு, கனத்த குரல், மனசு மட்டும் மெல்லிசு. தொட்டால் சுருங்கி. சாயங்காலம் குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு சுருட்டு. அது ஒன்றுதான் அவருக்கு உல்லாசம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் விஜயன் மகள் மலர்விழிக்குக் கல்யாணம். அப்போது ராதாகிருஷ்ணன் எல்லை தாண்டி ஹாட்யாய் போய்விட்டு வந்திருந்தார். அங்கே வாங்கிய பித்தளை பெட்ரோல் லைட்டரை மண்டப வாசலில் நாலு கூட்டாளிகளுக்கு எடுத்துக் காட்டி, டக்கென்று மூடியைத் திறந்து, சுருட்டைப் பற்றவைத்தார். பந்தல் வேலையாய் அந்தப் பக்கம் வந்த விஜயன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“என்ன மச்சான், நல்ல சுருட்ட வாங்கி மோட்டார் எண்ணெய் நாத்தத்துல குடிக்கிறீங்க? வொர்க்‌ஷாப்புல உக்காந்த மாதிரி இல்ல?” என்று சொல்லிவிட்டார்.

சொன்னது நிஜம்தான். பெட்ரோல் லைட்டர் சிகரெட்டுக்குச் சரி. சுருட்டு அந்த வாடையை முதல் இழுப்பிலேயே வாங்கிக்கொள்ளும், கடைசி வரைக்கும் விடாது. ஆனால் சொன்ன இடம் மண்டப வாசல். கேட்ட நாலு பேரும் சிரித்தார்கள். சொன்னவரும் சிரித்தார். ராதாகிருஷ்ணன் சிரிக்கவில்லை. சுருட்டைத் தரையில் தேய்த்து அணைத்தார். உள்ளே போய் அமுதவள்ளியை எழுந்து வரச் சொன்னார். தாலி கட்டியதும் கிளம்பியவர்கள் பந்தியில் உட்காரவில்லை.

பெண்ணுக்கு அத்தையும் மாமாவும் சாப்பிடாமல் போன கல்யாணம் என்று ஆகிவிட்டது. அடுத்த வாரம் விஜயன் பழம் தட்டோடு கிள்ளானுக்குப் போனார். கேட் திறக்கவில்லை. அதற்கப்புறம் போக்குவரத்து நின்றது. அக்கா மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி, மகள் ஷாமினியின் போனில் இருந்து கூப்பிடுவாள். வீட்டுக்கு வா அக்கா என்று விஜயன் ஒவ்வொரு வருஷமும் கேட்பார். அவர் சாப்பிடாமல் வந்த வாசலை நான் மட்டும் எப்படித் தம்பி மிதிப்பேன் என்று அவளும் ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். இப்போது அவளுக்கு எழுபது. முழங்கால் வேறு போய்விட்டது. இந்த ஜன்மத்தில் அக்கா தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பாளா என்பதுதான் விஜயனுக்கு இருந்த ஒரே குறை.

இப்படி இருக்க, நவராத்திரி தொடங்கின மூன்றாம் நாள், ஷாமினி கண்ணாடிப் பெட்டி முன்னால் வந்து நின்றாள். கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை வைத்தாள்.

“மாமா, அப்பாவோட லைட்டர். கேஸ் நிக்க மாட்டேங்குது. கிள்ளான்ல நாலு கடை ஏறிட்டோம், எல்லாரும் புதுசு வாங்குன்னு சொல்றாங்க.”

“அப்பா இங்க குடுக்கச் சொன்னாரா?”

“வாயத் தொறந்து சொல்லல லா மாமா. விஜயன் மாமாகிட்ட காட்டவான்னு கேட்டேன். பேசாம எடுத்துக் குடுத்தாரு. சரஸ்வதி பூஜை அன்னைக்கு இந்தப் பக்கம் ஒரு வேலை இருக்காம், கடை பூட்டியிருக்கும், நாலு மணிக்கு நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கறேன்னாரு.”

விஜயன் பொட்டலத்தைப் பிரித்தார். பித்தளை பெட்ரோல் லைட்டர் இல்லை. வெள்ளி நிறத்தில், உடம்பு முழுக்க மெல்லிய கோடு போட்ட கேஸ் லைட்டர். பக்கத்தில் உருளை. தீ சாந்தமாக, வாடையில்லாமல் எழும்புகிற ஜாதி. சுருட்டுக்கென்றே பொருத்தமானது. ஓரமெல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்த விதத்தைப் பார்த்தால் பத்து வருஷக் கைப்பழக்கம் தெரிந்தது. அப்படியென்றால் மச்சான் அந்தக் கல்யாணம் முடிந்த சூட்டிலேயே லைட்டரை மாற்றியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. விஜயன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குச் சாவி வெட்ட வந்த இரண்டு பேர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இரண்டு நாள் அந்த லைட்டரோடு குடித்தனம் நடத்தினார். பழைய கேஸை முழுக்க வெளியேற்றினார். கேஸ் நிரப்புகிற வாய்க்குள் இருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. கசிந்தது அங்கேதான். ஜபருல்லாவிடம் சொல்லி, மஸ்ஜித் இந்தியாவில் அவருக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து அதே அளவு வளையம் வரவழைத்துப் போட்டார். கல் மாற்றினார். உருளையின் பல் இடுக்கில் இருந்த கறுப்பைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுத்தார். கேஸ் ஊற்றிச் சோதித்தார். ஐம்பது தரம் உருட்டினார், ஐம்பது தரமும் எரிந்தது. அதைச் சுத்தமான துணியில் சுற்றித் தன் சாமான் பெட்டிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி தனலெட்சுமியிடம் மச்சான் சரஸ்வதி பூஜை அன்று நாலு மணிக்கு வருகிறார் என்று சொன்னார். எதற்கு வருகிறார் என்று சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்று ஒரு பயம்.

அந்தச் சொல்லாத வார்த்தைதான் வினையாகிவிட்டது.

ஆயுத பூஜை என்றால் தனலெட்சுமிக்குக் கைகால் நிற்காது. அன்று விடியும்போதே விஜயனை வாழை இலைக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் பாசாருக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினாள். சாமி மேடையில் வெள்ளைத் துணி விரித்து, விஜயன் சாமான் பெட்டியைக் கவிழ்த்தாள். திருப்புளி, இடுக்கி, அரம், பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் துடைத்து வரிசை வைத்தாள். வயிற்றுக்குச் சோறு போடுகிற சாமான் அல்லவா. குழைத்த சந்தனத்தில் ஒவ்வொன்றுக்கும் பொட்டு, அதன்மேல் குங்குமம். தையல் மெஷினுக்கு, அரிவாள்மனைக்கு, சோறு வேகிற குக்கருக்கு, அடுப்புப் பற்றவைக்கிற லைட்டருக்கு, கேஸ் டப்பாவுக்குக்கூட ஒரு பொட்டு. துணியில் சுற்றியிருந்த வெள்ளி லைட்டரைப் பார்த்தாள். இருக்கிறதிலேயே அழகாக இருந்தது. அதனால் அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தாள். தலையில் வைப்பதுதானே முறை என்று தீ வருகிற துவாரத்தின் மேலேயே வைத்தாள். உருளைமேல் இன்னொரு பொட்டு.

விஜயன் வாழை இலையோடு வந்தபோது கற்பூரம் காட்டி முடிந்திருந்தது. நல்ல நேரம் தாண்டிவிடும் என்று காத்திருக்கவில்லை என்றாள். விஜயன் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் திறந்தார். திறந்த கண் மூடவில்லை.

அது மச்சானுடைய லைட்டர் என்று அவர் மெதுவாகச் சொன்னார். தனலெட்சுமிக்கு முகம் வெளுத்தது. அப்புறம் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொன்னீர்களா என்று கேட்டாள். நாலு நாளாய்ப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வாயில் கொழுக்கட்டை வைத்தவர் மாதிரி இருந்துவிட்டு இப்போது முறைக்கிறீர்கள் என்றாள். நியாயம்தான். விஜயன் லைட்டரை எடுக்கக் கையை நீட்டினார்.

“சாமிக்கு வச்சத எடுக்காதீங்க. நாளைக்குக் காலையில மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். எங்கப்பா செத்த வருஷத்துல கூட இத நான் மீறல.”

“நாலு மணிக்கு மனுஷன் வந்து நிக்கப்போறாரு தனம்.”

“வரட்டும். நான் பேசிக்கறேன்.”

நீ பேசினால் அவர் கேட்கிற ஆளா என்று விஜயன் வாய்க்குள் முனகினார். மத்தியானம் அவள் அடுக்களையில் வடை சுடும்போது பூனை மாதிரிச் சாமி மேடைப் பக்கம் போனார். எடுக்கவில்லை, வைத்த இடத்திலேயே விரலால் உருளையை உருட்டிப் பார்த்தார். கர்ரென்று காய்ந்த சந்தனம் அரைபட்டது. பொறி வரவில்லை. துவாரத்துக்குள் பார்த்தார். குங்குமமும் சந்தனமும் சேர்ந்து சிமெண்டு பூசியது போல் அடைத்திருந்தது. சுத்தம் செய்ய ஊசி வேண்டும், திருப்புளி வேண்டும். அதெல்லாம் பக்கத்திலேயே பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தன. தன் வீட்டுச் சாமானைத் தானே தொட முடியாமல் நின்றார்.

சரியாக நாலு மணிக்கு ஷாமினி கார் ஓட்டிக்கொண்டு வந்து அப்பாவை இறக்கினாள். லிப்டில் ஏறி, ஏழாவது மாடி வாசலில் ராதாகிருஷ்ணன் நின்றார். எழுபத்தைந்து வயது. வெள்ளைச் சட்டை, பையில் ஒரு சுருட்டு. செருப்பைக் கழற்றவில்லை. வாங்கிக்கொண்டு போக வந்தவர் நிற்கிற மாதிரி நின்றார்.

வேலை முடிந்ததா என்று கேட்டார். இன்னும் முடியவில்லை, சாமான் வரவில்லை என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் போதும். அது விஜயனுக்கு நுனி நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் பதினோரு வருஷம் கழித்து வாசலுக்கு வந்த மனுஷனிடம் முதல் பேச்சே பொய்யாகவா என்று தோன்றியது.

“முடிஞ்சுது மச்சான். நல்லா எரிஞ்சுது. இன்னைக்கு என் கவனக்குறைவால அடைச்சுப்போச்சு.”

“அவர் ஒண்ணும் பண்ணல அண்ணே,” என்று தனலெட்சுமி உள்ளேயிருந்து வந்தாள். “நாந்தான் பூஜையில வச்சுப் பொட்டு வச்சுட்டேன். தப்பு என்னுது.”

ராதாகிருஷ்ணன் குனிந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நேராகச் சாமி மேடை முன்னால் போய் நின்றார். திருப்புளிக்கும் இடுக்கிக்கும் நடுவில், அரத்தை ஒட்டி, தலையில் பெரிய பொட்டோடு அவருடைய லைட்டர் படுத்திருந்தது.

“அடுத்தவங்க சாமான ஏம்மா வச்சீங்க?” என்று கேட்டார். குரலில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“அடுத்தவங்க சாமான்னு தெரியாதுண்ணே. நம்ம வீட்டுதுன்னு நெனச்சுத்தான் வச்சேன்.”

தனலெட்சுமி வேறு எதையும் யோசித்துச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். ராதாகிருஷ்ணன் மேடைத் தட்டில் இருந்த திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தார். தனலெட்சுமி சுண்டலும் வடையும் கொண்டுவந்து வைத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு வடையை எடுத்துக் கடித்தார். ஷாமினி போனைப் பார்ப்பது மாதிரித் தலையைக் குனிந்துகொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போயிற்று. சுருட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். ஊருக்கெல்லாம் லைட்டர் கொடுக்கிற வீட்டில் அன்றைக்கு ஒரு லைட்டர் இல்லை. எல்லாம் சாமியிடம். விளக்கேற்றுகிற தீப்பெட்டி ஒன்றுதான் வெளியே இருந்தது. விஜயன் அதை எடுத்துப் போய் ஒரு குச்சியைக் கிழித்தார். உடனே நீட்டவில்லை. தலையில் இருக்கிற மருந்து முழுக்க எரிந்து அடங்கும்வரை கையால் காற்றை மறைத்துப் பிடித்திருந்தார். அப்புறம்தான் சுருட்டின் நுனிக்குக் கொஞ்சம் கீழே, தீ தொடாமல் சூடு மட்டும் ஏறுகிற மாதிரிக் காட்டினார். ராதாகிருஷ்ணன் சுருட்டை மெல்லத் திருப்பித் திருப்பிப் பற்றவைத்தார். ஒரு இழுப்பு இழுத்தார். கீழே மோனோரயில் போகிற சத்தம் கேட்டது.

“அன்னைக்கு நீ சொன்னது சரிதான் மாப்ள. சொன்ன எடந்தான் தப்பு.”

“எடமும் தப்பு. நான் சிரிச்சதும் தப்பு மச்சான்.”

ராதாகிருஷ்ணன் சுருட்டைக் குடித்து முடித்தார். விஜயன் பக்கத்தில் நின்றார்.

போகும்போது, வேண்டுமென்றால் இப்போதே எடுத்துச் சுத்தம் செய்து தருகிறேன் என்று விஜயன் சொல்லிப் பார்த்தார். தனலெட்சுமி முறைத்ததைக்கூடக் கண்டுகொள்ளவில்லை. ராதாகிருஷ்ணன்தான் தடுத்தார். சாமிக்கு வைத்ததை நடுவில் எடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டிலும் இல்லை, நாளைக்கு எடு, நான் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். நாளைக்கு எனக்கு வேலை இருக்கிறது, யார் கார் ஓட்டுவது என்று ஷாமினி கேட்டாள்.

“நீ எதுக்கு? உங்கம்மாவ கூட்டிக்கிட்டு கொமுட்டர் ரயில்ல வரேன். சென்ட்ரல்ல எறங்குனா பக்கந்தான?”

விஜயன் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டார். தனலெட்சுமிதான் அண்ணியின் முழங்காலுக்கு நடக்க வேண்டாம், ஸ்டேஷனுக்கு இவர் கார் எடுத்துக்கொண்டு வருவார் என்று சொன்னாள்.

மறுநாள் விஜயதசமி. ஏழரைக்கெல்லாம் மறுபூஜை முடிந்தது. எட்டே காலுக்கு விஜயன் ஸ்டேஷனில் போய் நின்றார். ரயில் வந்தது ஒன்பதரைக்கு. அக்கா படியில் ஒவ்வொரு காலாய் வைத்து இறங்கினாள். தம்பியைப் பார்த்ததும் முதலில் சொன்னது, ஏன்டா இப்படி மெலிந்துபோனாய் என்றுதான். விஜயன் அறுபத்தொரு வயதில் வயிறு சரிந்து கிடக்கிறார். அது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

வீட்டில் ஜன்னலோர நாற்காலியில் அவளை உட்காரவைத்தார்கள். தனலெட்சுமி கொடுத்த தண்ணீரை அவள் முழுக்கக் குடித்தாள். விஜயன் பக்கத்திலேயே மேசையைப் போட்டுக்கொண்டு, பொட்டெல்லாம் துடைத்த சாமான்களோடு லைட்டரைப் பிரிக்க ஆரம்பித்தார். கேஸை வெளியேற்றினார். ஊசியால் துவாரத்தில் இருந்த சந்தனத்தைத் தூள் தூளாய் எடுத்தார். உருளைப் பல்லை ஒவ்வொன்றாய்த் துலக்கினார். அரை மணியில் முடிகிற வேலை. பத்தேமுக்கால் ஆயிற்று, பதினொன்றும் ஆயிற்று. திருப்புளியை வைத்துவிட்டு, அக்கா சொல்கிற ஏதோ பழைய அத்தை மகன் கதைக்கு உம் கொட்டுவார். மறுபடி எடுப்பார். தனலெட்சுமி, மறுபூஜைதான் முடிந்துவிட்டதே என்று அடுக்களையில் மத்தியானத்துக்கு மீனைக் கழுவிவிட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

கடைசியில் லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து கேஸ் ஊற்றினார். ஊற்றியதும் பற்றவைக்கக் கூடாது. உள்ளே குளிர்ந்து போயிருக்கும், சற்று நேரம் வைத்துக் குளிர் விடச் செய்ய வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் தம்பி என்று அமுதவள்ளி கேட்டாள்.

விஜயன் லைட்டரைத் துணிமேல் வைத்து, நகர்த்தி, இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

“பழைய லைட்டர் இல்லயாக்கா, சாப்பாட்டு நேரம் ஆயிடும். அதுக்கு மேலயும் ஆகும்.”

பத்து வருஷமாய் அந்த லைட்டருக்குத் தானே கேஸ் ஊற்றி வந்த ராதாகிருஷ்ணனுக்கு அது ஐந்து நிமிஷக் காரியம் என்று தெரியாதா. அவர் மைத்துனனை ஒரு பார்வை பார்த்தார். சட்டையின் மேல் பட்டன் இரண்டைக் கழற்றிவிட்டுக்கொண்டு, ஃபேனை இன்னும் கொஞ்சம் வேகமாக வைக்கச் சொல்லி, சோபாவில் காலை நீட்டிப் படுத்தார்.